இன்ஜின் மிஸ் அடிக்கிறதா? ஸ்பார்க் பிளக் தேர்வும் மாற்றும் முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோலில் ஓடும் கார், பைக், ஸ்கூட்டர் எதுவானாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டி வெட்டி இழுத்தால் முதல் சந்தேகம் பிளக் மேல்தான் விழும். பல நேரம் அது சரியான சந்தேகம். ஆனால் கழற்றிய பழைய பிளக்கைப் பார்க்காமலே குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவது எனக்கு மனம் பொறுக்காத பழக்கம். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே வந்து சொல்லக்கூடிய பொருள் அது ஒன்றுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதியவை.

மிஸ் அடிப்பது என்றால் சரியாக என்ன நடக்கிறது?

சிலிண்டருக்குள் போன பெட்ரோல் காற்றுக் கலவை, பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாமல் போகிறது, அல்லது அரைகுறையாகப் பற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை பற்ற வேண்டும். அதில் நடுநடுவே ஒன்றிரண்டு தவறினாலே வண்டி குலுங்குவது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஐடிலிங்கில் நடுக்கம், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பிக்கப் வராமல் திணறுவது, சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிப்பது, எரியாத பெட்ரோல் வாசனை, இவையெல்லாம் அதன் அடையாளங்கள்.

நின்றபடி ரேஸ் கொடுத்தால் நன்றாக இருக்கிறது. மேடு ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது. ஏன்?

பிளக் மேல் சந்தேகம் வலுப்பட இதைவிட நல்ல அறிகுறி இல்லை.

பிளக்கின் நடு எலெக்ட்ரோடுக்கும் மேலே வளைந்திருக்கும் எலெக்ட்ரோடுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியை மின்சாரம் தாண்டினால்தான் பொறி. அந்த இடைவெளியில் காற்று எவ்வளவு நெருக்கி அழுத்தப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு அதிக வோல்டேஜ் தேவை. வண்டி சும்மா நிற்கும்போது சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. மேடு ஏறும்போதோ, பாரத்தோடு முந்தும்போதோ சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கிறது, அழுத்தம் எகிறுகிறது. புது பிளக்காக இருந்தால், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயில் (இக்னிஷன் காயில்) அதைச் சமாளித்துவிடும். தேய்ந்து, 0.8 மி.மீ. இருந்த இடைவெளி 1.2 மி.மீ. ஆகிவிட்ட பிளக் என்றால், காயில் கொடுக்கும் வோல்டேஜ் அங்கே போதாது. போதாதபோது மின்சாரம் வேறு சுலபமான வழி தேடும்: பீங்கானின் மேல் படிந்த கரி வழியாக, அல்லது பிளக்கின் தலையில் மாட்டும் மூடியான பிளக் கேப்பில் உள்ள வெடிப்பு வழியாக.

பிளக்கை வெளியே எடுத்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் தொட வைத்து, கிக்கர் உதைத்து 'பொறி வருகிறதே, பிளக் நல்ல பிளக்' என்று முடிவு செய்வது தவறாகப் போவதும் இதனால்தான். வெளிக்காற்றில் பொறி வருவது பெரிய விஷயமே இல்லை. உள்ளே அழுத்தத்தில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

மிஸ் அடித்தால் பிளக்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. காயில், பிளக் கேப், வயர், அடைத்த இன்ஜெக்டர் அல்லது கார்புரேட்டர் ஜெட், இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு, வால்வு இடைவெளி தவறியிருப்பது, கம்ப்ரெஷன் குறைவு என்று வரிசை நீளம். பிளக்கில் தொடங்குவது ஏன் என்றால், அது கழற்ற எளிது, விலையும் குறைவு, மற்ற கோளாறுகளின் தடயமும் அதன் மேலேயே இருக்கும்.

கார் என்றால் ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள். பி0300 என்ற கோளாறு எண் வந்தால் எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ். பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் ஒரு எளிய சோதனை உண்டு. பி0302 வருகிறது என்றால், இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா, அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். பணம் செலவில்லாமல் பாதி விடை கிடைத்துவிடும்.

இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுகிறது. ஓட்டலாமா?

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். நிலையாக எரியும் லைட்டும் மின்னும் லைட்டும் ஒன்றல்ல. மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று பொருள். அதன் உள்ளே தேன்கூடு போல் இருக்கும் பகுதி உருகிவிட்டால், அதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பிளக் விலை ஒன்றுமே இல்லை. ஓரமாக நிறுத்துங்கள், மெதுவாக ஓட்டினாலும் மின்னுவது நிற்கவில்லை என்றால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

முதலில் ஒரு பழக்கம்: கழற்றும்போதே எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் எண் எழுதி அதன் மேல் வையுங்கள். நான்கையும் ஒரே டப்பாவில் போட்டு ஆட்டிவிட்டால் பாதிச் சேதி போய்விட்டது.

முனையில் தெரியும் பீங்கானைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம், எலெக்ட்ரோடு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்றால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. பிளக் வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

உலர்ந்த கரி, விரலால் தொட்டால் கறுப்புப் பொடியாக ஒட்டுகிறது என்றால், பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பிளக் சூடே ஏறாத அளவுக்குக் குட்டைப் பயணமாகவே வண்டி ஓடுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அது படிந்த பீங்கான் மேலேயே மின்சாரம் ஒழுகிப் போய்விடுவதால் பொறி வருவதில்லை.

ஈரமான, பளபளக்கும் எண்ணெய்க் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே வருகிறது. புது பிளக் சில நாள் தாங்கும், பிறகு அதே கதை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஆயில் முனையில் இல்லாமல் பிளக்கின் மேல் பாதியிலும் குழியிலும் மட்டும் இருந்தால், அது மேலே உள்ள வால்வு கவர் கேஸ்கெட் கசிவு. பயப்பட வேண்டாம், கேஸ்கெட்டை மாற்றினால் தீர்ந்தது.

சுண்ணாம்பு வெளுப்பு, அதில் சிறு கொப்புளங்கள், எலெக்ட்ரோடு ஓரம் கரைந்தது போல் இருந்தால் அதிக சூடு. பெட்ரோல் குறைவாகப் போகிறதா, காற்று கசிகிறதா, தவறான பிளக் போட்டிருக்கிறதா, கூலிங் சரியில்லையா என்று பார்க்க வேண்டும். இதைப் புதுப் பிளக்கால் மூடி மறைக்காதீர்கள். அடுத்த முறை ஓட்டை விழுவது பிஸ்டனில்.

நான்கில் மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் பளிச்சென்றும் இருந்தால், அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் தண்ணீர் போகிறதா என்று சந்தேகப்படுங்கள். பெட்ரோலில் நனைந்து வந்தால், அந்த சிலிண்டரில் பொறியே வரவில்லை.

பீங்கானில், உலோகத்துக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் இருக்கிறது. கேஸ் கசிகிறதா?

இல்லை. உயர் வோல்டேஜைச் சுற்றி உருவாகும் மின்புலம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து அங்கே ஒட்டவைக்கிறது. அந்தக் கறையால் எந்தக் கெடுதலும் இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று: மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு. என்னுடைய பழைய காரில் மழை நாளில் மூன்றாவது கியரில் மேடு ஏறினால் மட்டும் மிஸ் அடித்தது. நான்கு பிளக்கையும் கழற்றினேன். முனைகள் நான்கும் ஒரே பழுப்பு, இடைவெளியும் சரி. மூன்றாவது பிளக்கைத் துடைத்தபோதுதான், வெள்ளைப் பீங்கானில் கூர்மையான பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. மின்சாரம் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாகவே இறங்கி எரித்த தடம் அது. பிளக்கை மட்டும் மாற்றினேன். ஒரு வாரத்தில் அதே மிஸ் திரும்பி வந்தது. பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே அதே இடத்துக்கு நேராகச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் புது பிளக்கையும் எரித்திருக்கிறது. பூட்டையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் தீர்ந்தது. பிளக்கில் கோடு பார்த்தால் பூட்டுக்குள்ளும் பாருங்கள்.

பழைய பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி போடலாமா?

வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க, சாதாரண நிக்கல் பிளக்கை அப்படித் துடைத்துப் போடலாம். நிரந்தரத் தீர்வு அல்ல. பொறி கூர்மையான விளிம்பிலிருந்துதான் சுலபமாகக் குதிக்கும். தேய்ந்து உருண்டுபோன விளிம்பைத் துடைப்பதால் கூர்மை திரும்பாது. இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளில் கம்பி பிரஷ், உப்புத்தாள் எதையும் காட்டவே கூடாது. அந்த முனை ஊசி போல மெல்லியது.

கடையில் எந்த பிளக் கேட்பது?

வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள எண்ணைக் கேளுங்கள். கழற்றிய பிளக்கின் எண்ணைக் காட்டி 'இதே கொடுங்கள்' என்பது இரண்டாவது வழிதான். முன்பு போட்டவர் சரியானதைப் போட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அந்த எண்ணில் நிறைய அடங்கியிருக்கிறது. என்ஜிகே நிறுவனத்தின் பிபிஆர்6ஈஎஸ் என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். முதல் 'பி' என்றால் மரையின் விட்டம் 14 மி.மீ., ஸ்பேனர் அளவு 20.8 மி.மீ. இரண்டாவது 'பி' என்றால் பீங்கான் முனை வெளியே நீண்டிருக்கிறது. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 6 என்பது சூட்டு எண். 'ஈ' மரையின் நீளம் 19 மி.மீ. என்கிறது. கடைசியில் -9 என்று இருந்தால் இடைவெளி 0.9 மி.மீ., -11 என்றால் 1.1 மி.மீ.

இதில் மரை நீளம் தவறினால் ஆபத்து. நீளம் அதிகமானால் பிஸ்டனோ வால்வோ பிளக்கில் போய் இடிக்கும். குறைந்தால் பொறி குழிக்குள்ளேயே நின்றுவிடும்; ஹெட்டில் காலியாக நிற்கும் மரையில் கரி ஏறி, பிறகு சரியான பிளக் உள்ளே போகவே அடம்பிடிக்கும். வாஷர் வைத்து உட்காரும் பிளக்கும் கூம்பு வடிவில் உட்காரும் பிளக்கும் ஒன்றுக்கு ஒன்று மாற்றில்லை. ரெசிஸ்டர் உள்ள இடத்தில் அது இல்லாததைப் போட்டால் மின் இரைச்சலில் இன்ஜின் கம்ப்யூட்டரும் ரேடியோவும் தடுமாறலாம்.

ஹாட் பிளக், கோல்டு பிளக் என்கிறார்களே?

பொறியின் சூட்டைப் பற்றிய பேச்சு இல்லை அது. பிளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதைக் குறிக்கிறது. முனை சுமார் 450, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் படிந்த கரி தானாக எரியும். 800 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் பொறி வருவதற்கு முன்பே கலவை அந்த முனையில் பட்டுப் பற்றிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பதுதான் சூட்டு எண்ணின் வேலை.

ஒரு எச்சரிக்கை. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏற கோல்டு. பாஷ், சாம்பியனில் எண் ஏற ஏற ஹாட். நேர் எதிர். ஆகவே கம்பெனி மாற்றும்போது எண்ணைப் பார்த்து ஊகிக்காமல், இணை எண் பட்டியலைப் பார்த்தே வாங்குங்கள். இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யாதவர் சூட்டு எண்ணை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

இரிடியம் போட்டால் மைலேஜ், வேகம் கூடுமா?

தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் போட்டால் வித்தியாசம் தெரியும். புது நிக்கல் பிளக் போட்டாலும் அதே வித்தியாசம் தெரியும். இரிடியத்தின் உண்மையான பலம் ஆயுள். இரிடியம் உருகுவது 2446 டிகிரியில், பிளாட்டினம் 1768, நிக்கல் 1455. அதனால் முனையை 0.4 முதல் 0.6 மி.மீ. வரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து குறைந்த வோல்டேஜிலேயே பொறி குதிக்கும். காரில் நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 50,000 கி.மீ., இரிடியமும் பிளாட்டினமும் 1,00,000 கி.மீ. வரை உழைக்கும். பைக், ஸ்கூட்டரில் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் மாற்றும் தூரம் இதைவிட மிகக் குறைவு, புத்தகத்தைப் பாருங்கள்.

பிளக்கை எட்ட, இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டிய காருக்கு இரிடியம்தான் என் யோசனை. ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடிய பைக்குக்கு, புத்தகம் நிக்கல் என்று சொன்னால் நிக்கலே போதும். புத்தகம் இரிடியம் என்றால் அதைக் குறைத்து நிக்கல் போடாதீர்கள்.

புது பிளக்கில் இடைவெளி பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். பெட்டி ஒருமுறை கீழே விழுந்திருந்தாலும் வளைந்த எலெக்ட்ரோடு நடு முனையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நிக்கல் பிளக்கில் வளைந்த எலெக்ட்ரோடை மட்டும் மெல்ல நெம்பிச் சரிசெய்யலாம். நடு எலெக்ட்ரோடில் கருவியை ஊன்றவே கூடாது. இரிடியத்தில் கம்பி கேஜால் அளக்க மட்டும் செய்யுங்கள். அளவு தவறியிருந்தால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வது நல்லது. கீழே விழுந்து பீங்கானில் அடி பட்டது என்று தெரிந்தால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த பிளக்கைப் போடாதீர்கள்.

மாற்றும் முறை?

இன்ஜின் முழுக்க ஆறட்டும். சூடான அலுமினிய ஹெட்டில் மரை சுலபமாகப் பிய்ந்து வரும். காயிலையோ கேப்பையோ கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், ரப்பரைப் பிடித்துக் கொஞ்சம் திருகி இழுங்கள். அடுத்து பிளக் குழியில் உள்ள மண், தூசியைக் காற்றடித்து ஊதிவிடுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். பிளக்கைக் கழற்றிய நொடியில் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும்.

கழலும்போது இறுகினால் பலம் போடாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, துருநீக்கி எண்ணெய் விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள்.

புது பிளக்கை ஸ்பேனரால் தொடங்காதீர்கள். ஒரு சாண் ரப்பர் குழாயை எடுத்து, அதன் வாயில் பிளக்கின் மேல் முனையைச் செருகி, குழாயைப் பிடித்து விரலால் சுற்றுங்கள். மரை நேராக உட்கார்ந்தால் வெண்ணெய் போல் இறங்கும். கோணலாக இருந்தால் குழாய் கையில் வழுக்கும், மரை பிழைக்கும். கையால் முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்பேனர்.

அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12 என்பது பொதுவான இறுக்கம். உங்கள் புத்தகம் வேறு சொன்னால் அதுவே சரி.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையே?

கையால் இறுகிய பிறகு, புது வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்கை அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை திருப்புங்கள். வாஷர் நசுங்குவது கையில் தெரியும். கூம்பு வடிவ பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்குச் சுற்று மட்டும். பெட்டியின் மேலேயே பெரும்பாலும் படம் போட்டிருப்பார்கள். தளர்வாக விட்டால் பிளக் சூட்டைக் கடத்த முடியாமல் கொதிக்கும். அதிகம் இறுக்கினால் மரை போகும். இரண்டும் கெடுதல்.

மரையில் கிரீஸ் தடவலாமா?

பூச்சு போட்டு வரும் இன்றைய பிளக்குகளுக்கு வேண்டாம். வழுக்கல் வந்துவிட்டால், ரெஞ்ச் சரியான அளவு காட்டும்போதே பிளக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். பூட்டின் உள்விளிம்பில் மட்டும் சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். ஈரம் ஏறாது, அடுத்த முறை கழற்றவும் சுலபம்.

ஒன்றை மட்டும் மாற்றலாமா?

எல்லாம் ஒரே நாளில் போட்டவை, ஒரே தூரம் ஓடியவை. செட்டாக மாற்றுங்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் உள்ள பைக்கிலும் இரண்டையும் மாற்றுங்கள்; சைலன்சர் பக்கம் ஒளிந்திருக்கும் பிளக்கை விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. டீசலில் அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிவிடும். அங்கே இருப்பது குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக்.

புது பிளக் போட்டும் மிஸ் நிற்கவில்லை. அடுத்து?

முதலில் உங்கள் வேலையையே திரும்பப் பாருங்கள். காயிலின் சாக்கெட் 'டக்' என்று பூட்டியதா, வயர் போட்ட பழைய கார் என்றால் சிலிண்டர்கள் பற்றும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) மாறும்படி வயர்களை மாற்றி மாட்டிவிட்டீர்களா, ஏதாவது காற்றுக் குழாய் கழன்று கிடக்கிறதா. அப்புறம் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, கையைத் தள்ளியே வைத்து, காயில், வயர் பக்கம் உற்றுப் பாருங்கள். நீலப் பொறி வெளியே தெரிந்தால் கசியும் இடம் அதுதான்.

அங்கேயும் ஒன்றும் இல்லை, காயிலை இடம் மாற்றியும் மிஸ் அதே சிலிண்டரில் நிற்கிறது என்றால், இன்ஜெக்டரைப் பார்த்துவிட்டு, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டரில் ஏறும் முள் நான்காவதில் பாதியிலேயே நின்றால், அந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அங்கேயே நின்றால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.